நதியா மேல் கொட்டிய டிஎம்எஸ்

ராஜ்கமல், வயது 36, த/பெ ராக்கையா, காளியம்மன் கோயில் வீதி, சாமளாபுரம். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். மருத்துவமனைக் கண் பிரிவில் உள்நோயாளியாக இருக்கும் என்னை நேரில் விசாரித்தபோது நான் சொல்வதாவது:

நானும் என் மனைவி நதியாவும் கந்தவேல் என்பவரின் கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்து வருகிறோம். அங்கே பனியன் துணியை மெதுமெதுவென்று ஆக்கும் சாஃப்ட்னர் தயாராகிறது. மெழுகு போன்ற சரக்கை உருக்கி, டிஎம்எஸ் என்று நாங்கள் சொல்லும் டைமெத்தில் சல்பேட்டைச் சிறிது சிறிதாக விட்டால்தான் அது தண்ணீரில் கரைந்து துணியில் பிடிக்கும். டிஎம்எஸ் பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும், லேசாக வெங்காய வாடை வரும். டிரம்மில் மண்டை ஓட்டுப் படம் உண்டு. முகமூடியும் ரப்பர் கையுறையும் கேட்டதற்கு, "வரும்" என்றார் முதலாளி. வரவில்லை.

கடந்த திங்கட்கிழமை காலை டிரம்மில் மாட்டியிருந்த பம்புக் குழாய் கழன்று, கேன் எடுக்க வந்த நதியாவின் தோளிலும் முந்தானையிலும் டிஎம்எஸ் கொட்டியது. நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "ஒண்ணும் எரியல, நீங்க வேலையப் பாருங்க" என்றாள். அதற்குள் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் வந்து, "இப்ப எரியாதுங்க, சாயங்காலந்தான் காட்டும். துணியக் கழட்டீட்டுத் தண்ணி ஊத்துங்க, நிறுத்தாம ஊத்துங்க" என்றார்.

அதன் பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்குப் போனேன். ஆண்கள் இருந்ததால் அவள் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த மகுடேஸ்வரனும் மற்றவர்களும் சாம்பிள் துணியை விரித்துச் சுற்றிலும் பிடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நான் வெறுங்கையால் சேலையையும் ஜாக்கெட்டையும் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அவள் நடுங்கி, "குளுருதுங்க, போதும்" என்றாள். நான் நிறுத்தவில்லை. தூக்கியபோது என் சட்டையும் டிஎம்எஸ்ஸில் நனைந்திருந்தது. அதைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கையாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கண் எரிந்து, தொண்டை அடைத்து, அவள் முகம் மங்கிக்கொண்டே போனது. அவளுக்குத் தோளில் கொப்புளம் மட்டும்தான். எனக்கு வலது கண் தேறிவிடும், இடது கண்ணைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்கிறார்.

நேற்று முதலாளி வந்து, "மாஸ்க் குடுத்தாங்க, நாந்தான் போடலைன்னு சொல்லீருங்க. வைத்தியம் பூராம் நான் பாத்துக்கறனுங்க" என்றார். அவர் போன பிறகு நதியா, "உள்ளதச் சொல்லுங்க. வைத்தியத்த நம்ம பாத்துக்கிடலாம்" என்றாள். உள்ளதைச் சொல்லியிருக்கிறேன்.

நான் சொன்னதைச் சார்பு ஆய்வாளர் எழுதிப் படித்துக் காட்டினார், சொன்னபடியே இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கண் கட்டியிருப்பதால் என் மனைவி என் கையைப் பிடித்து உரிய இடத்தில் வைக்க, போட்டேன்.

(ஒப்பம்) ராஜ்கமல்