“ரெண்டுமே நான்தான்” என்ற அமலா

அவைக்குத் தலைமை ஏற்று அன்போடு அமர்ந்திருக்கும் அப்பாதுரை ஐயா அவர்களே! அறிவும் அனுபவமும் நிறைந்த ஆன்றோர்களே! பகலெல்லாம் கழனியில் நின்ற களைப்பையும் தள்ளிவைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! திண்டிவனத்துத் தம்பிகளே, தங்கைகளே! அனந்தபுரத்துப் பெண், மென்பொருள் பொறியாளர் பானுப்ரியாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

யாரைப் பாராட்ட இன்று கூடியிருக்கிறோம்? உங்கள் காலனியில் பிறந்தவளை! சவுரிராயன் ஐயாவும் குப்பம்மாள் அம்மாவும் கூலி வேலை செய்து படிக்கவைத்தவளை! சென்னையில் என்னோடு ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் அமலாவை!

கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். ஆனால் எதற்காக என்று தெரிந்துகொண்டு தட்டினால் இன்னும் பலமாகத் தட்டுவீர்கள்.

ஒரு பெரிய நிறுவனத்துக்காக எங்கள் குழு ஒரு மென்பொருள் செய்தது. வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, தகுதியானவரை அது முன்னே நிறுத்தும். மற்றவரைப் பின்னே தள்ளும். அதைச் சோதிக்கும் பொறுப்பு அமலாவுக்கு. ஒரே படிப்பு, ஒரே மதிப்பெண், ஒரே திறமை. முகவரியை மட்டும் மாற்றிப் பார்த்தாள். கடைவீதி என்றால் முன்வரிசை. காலனி என்றால் கடைசி வரிசை! பிறகு தன் சொந்த விவரங்களையே கொடுத்தாள். தன் முகவரியை எழுதினாள்.

“தகுதி இல்லை” என்றது திரை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து நேராக எங்கள் மேலாளர் மணிமாறனின் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“சார், இதை வெளியே அனுப்பக் கூடாது. காலனின்னு இருந்தாலே தள்ளிடுது.”

“கம்ப்யூட்டருக்கு ஜாதி தெரியுமாம்மா? வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க. இப்பப் போயி பேஜாரு பண்ணாத.”

“அதுக்குத் தெரியாது சார். முன்னாடி அவங்க யாரை எடுத்தாங்க, யாரை விட்டாங்கன்னு பார்த்துக் கத்துக்கினு இருக்குது. நான் சரின்னு சொல்ல மாட்டேன்.”

“உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆவல. ஞாபகம் வெச்சுக்கோ.”

அன்று மாலை என் பக்கத்தில் நின்று ஊருக்குப் போனில் பேசினாள். “வேலை போயிடும்போல இருக்குதும்மா” என்றாள். குப்பம்மாள் அம்மா சொன்ன பதில் என் காதிலும் விழுந்தது:

“போனா வா. மல்லாட்டைச் செடி புடுங்க ஆள் தேடிக்கினுதான் இருக்காங்க. ஆனா வாயை மூடிக்கினு மட்டும் இருக்காத.”

இப்போது தட்டுங்கள்! இந்தத் தாய்க்காகத் தட்டுங்கள்!

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த நிறுவனத்தின் அதிகாரி அம்மையார் கேட்டார்: “எல்லாம் சோதிச்சாச்சா?” “ஆச்சு மேடம்” என்றார் மணிமாறன். அறை நிறையப் பட்டதாரிகள். அத்தனை தலைகளும் ஆமென்று ஆடின. ஆமாம் சாமி போடுவதற்கு மட்டுமே வாய் திறக்கும் அலுவலகங்களை நீங்கள் பார்த்ததில்லையா?

அமலா எழுந்தாள். “ஆவல மேடம். ஒரு நிமிஷம் குடுங்க.” தன் விவரங்களை எல்லோர் முன்னாலும் எழுதினாள். தகுதி இல்லை என்றது. தெருவை மட்டும் மாற்றினாள். மிகவும் தகுதியானவர் என்றது! அதிகாரி அம்மையார் பக்கம் திரும்பினாள்.

“மேடம், ரெண்டுமே நான்தான்.”

நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கள் குழுவில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்!

அதிகாரி அம்மையார் அங்கேயே அந்த மென்பொருளை நிறுத்தினார். முகவரியை நீக்கினோம், முகவரியைக் காட்டிக்கொடுக்கும் மற்ற விவரங்களையும் தேடித் தேடி நீக்கினோம். அந்த நிறுவனம் சோதனைக்குத் தந்து, எந்திரம் தள்ளிவிட்ட விண்ணப்பங்களை மனிதர்களே மீண்டும் படித்தார்கள். அப்படி அழைக்கப்பட்டவர்களில் ஒருத்தி மேல்மலையனூர் அஸ்வினி. அவளுக்கு யாரும் சலுகை தரவில்லை. தேர்வு எழுதினாள், வென்றாள், இன்று அங்கே பொறியாளராக இருக்கிறாள். அமலாவின் வேலையும் நிரந்தரமானது. அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர் அதே மணிமாறன்தான்.

இளைஞர்களே! எந்திரம் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறது. நாம் ஒதுக்கினால் அதுவும் ஒதுக்கும். நாம் ஒடுக்கினால் அதுவும் ஒடுக்கும். அதற்கு நீதியைக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டிலிருந்தா ஆள் வர வேண்டும்? விழுப்புரம் மாவட்டம் போதாதா? போதும் என்று காட்டிவிட்டாள் உங்கள் வீட்டுப் பெண்!

அமலா, மேடைக்கு வா. குப்பம்மாள் அம்மா, நீங்களும் வாருங்கள். இந்த மாலையை உங்கள் கையால் போடுங்கள். என்னம்மா, கூச்சமா? ஊரே எழுந்து நிற்கிறது, பாருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!