மொட்டைமாடியின் சூடு

எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் தெருவில் பேச்சு. என் மகள் ஹம்ஸினி பரீட்சைக்குப் போகும்போது பேனாவை என் கையால் வாங்கிக்கொண்டுதான் போவாள். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு மின்சாரம் பிடிக்கும், எவ்வளவு பெரிய குளிர்சாதனம் வேண்டும் என்று கணினியில் கணக்கிடுவது இப்போது அவள் தொழில். அந்தக் கணக்கையும் கடைசியில் நான்தான் அனுப்பவேண்டும். "உங்க கையால தட்டி விடுங்கோப்பா" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாள்.

பாபநாசம் சாலையில் ஒரு முதியோர் இல்லம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகிப் போனவர்களுக்காகக் கட்டியது. அறைச் சூட்டை வெளியே தள்ளும் ஹீட் பம்ப் மட்டும் வாங்க வேண்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் அச்சடித்திருக்கும் திறன், வெளியே முப்பத்தைந்து டிகிரி சூடு இருக்கும்போது கிடைப்பது. கத்திரி வெயிலில், மொட்டைமாடியில், ஒரு இயந்திரம் விடும் அனலை அடுத்தது வாங்கிக்கொண்டு நிற்கும்போது அந்தத் திறன் வராது. ஹம்ஸினி மாடியேறி வெப்பமானி வைத்துப் பார்த்து, திறனைக் குறைத்தே போட்டு, பெரிய இயந்திரமாகக் கேட்டிருந்தாள். நானும் அதே துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நல்ல கணக்கு அது.

அந்தக் கணக்கை அனுப்பவேண்டிய அன்று காலைதான் ஜெர்மனியில் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னாள். ஜூனில் பயணம். அவள் அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. வாழ்த்துச் சொன்னேன். அவள் காப்பி போடப் போனதும், அச்சடித்த திறனையே போட்டு அனுப்பினேன். சின்ன இயந்திரம் வாங்குவார்கள், கோடையில் குளிராது, இவளைக் கூப்பிடுவார்கள், பயணம் தள்ளிப்போகும். அவ்வளவுதான்.

மே மாதம் ஒரு மத்தியானம் இயந்திரங்கள் சூடு தாங்காமல் நின்றன. குளிர் வீணாகாதிருக்க அங்கே ஜன்னல்கள் திறக்காதபடி வைத்திருந்தார்கள். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் எப்சி ஹம்ஸினிக்குப் போன் செய்தாள். நான் எடுத்தேன்.

"எல்லாரும் துவண்டு கெடக்காவ ஐயா. கீழ வராந்தாவுக்குக் கொண்டு போயிரட்டா?"

"பொறும்மா, பைய சரியாயிடும்" என்றேன். கீழே கொண்டுபோனால் சிரமம் அதோடு தீர்ந்துவிடும். குறை கொஞ்சம் பெரிதாகத் தெரியவேண்டியிருந்தது.

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி எங்கள் தெருவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்த சீதாலக்ஷ்மி மாமி, தாயில்லாத ஹம்ஸினிக்குத் தலை பின்னிவிட்டவள். அழுதேன். அது பொய்யழுகை இல்லை.

கணக்கு ஹம்ஸினியின் பேரில் இருந்ததால் போலீஸார் அவள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாறியிருந்த எண்ணை அவளும் பார்த்தாள். என்மீது சந்தேகமே வரவில்லை; தானே தவறிப் போட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டாள்.

"உங்க கைராசியக்கூட நான் கெடுத்துட்டேன்ப்பா" என்றாள்.

விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன். பெற்ற மகளை என் பழியைச் சுமக்க விடுவேனா? ஜெர்மனிக்காரர்கள் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் போதும்.