ஐம்பத்தாறாவது பெயர்

எனக்குக் கூடைப்பந்து விளையாடத் தெரியாது. என் உயரம் நூற்று ஐம்பத்து நான்கு சென்ரிமீற்றர். பள்ளிக்கூடத்தில் அணி பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவள் நான்தான். கடைசியாக மிஞ்சுகிறவர்களைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்று சொல்லலாம்.

இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்றபோது நீங்கள் காரணம் கேட்டீர்கள். நான் பிறந்ததும் படித்ததும் சுவிஸில், பாடன் நகரில். ஜேர்மன் எனக்குத் தமிழைவிட வேகமாக வரும். ஆனால் தில்லைநாயகி அன்ரி இதைத் தானே வாசிக்க வேண்டும். நடுவில் ஒருவர் நின்று சொல்லக் கூடாது. நடுவில் நிற்பவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் என் வேலை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு சுற்றுகளில், ஏறக்குறைய அறுபது இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும். முதல் சுற்றில் போகிறவர்களை எல்லாரும் பார்ப்பார்கள். ஒருவனுக்கு மூன்று வைத்தியர்கள், ஒரு உளவியலாளர், அவன் காலையில் என்ன சாப்பிடுகிறான் என்று குறித்துக்கொள்ள ஒருவர். கடைசிச் சுற்றின் கடைசிப் பெயர்களுக்கு நான் இருந்தேன்.

அப்படி ஒரு அணிக்காக ஐரோப்பாவில் ஆள் தேடும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஊர்ஸ் அதன் தலைவர். புள்ளிவிபரவியல் படித்த நான், யார் எத்தனையாவதாகத் தெரிவாவான் என்று கணிக்கும் ஒரு முறையை உருவாக்கினேன். நான்கு வருடங்களில் நான் சொன்ன ஒரு பெயர்கூடத் தெரிவாகவில்லை. ஊர்ஸ் என் பட்டியலுக்கு மயானம் என்று பெயர் வைத்திருந்தார். நல்ல மனிதர், என் முகத்துக்கு நேரேதான் சொல்வார். ஐந்தாவது வருடமும் இப்படியே போனால் முறையையும் என்னையும் சேர்த்து அதிலேயே புதைக்கலாம் என்றார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூச்சமுள்ளவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

என் முறையில் ஒரு விதி இருந்தது. சுகாதாரப் படிவத்தில், குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்கு முன் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வரும். முதல் சுற்று வீரன் ஓம் என்றால் இதயத்தை ஸ்கான் செய்வார்கள், நிபுணரிடம் அனுப்புவார்கள், கிழமைக்கணக்கில் காத்திருப்பார்கள். கடைசிச் சுற்று வீரன் ஓம் என்றால் பெயரை வெட்டிவிடுவோம். அந்த விதியை எழுதியது நான்தான். அதனால் பட்டியல் சுத்தமாக இருந்தது.

பிருந்தாபனை நான் லுசேர்ணில் கண்டுபிடித்தேன். இருபது வயது, உயரம் இரண்டு மீற்றர் மூன்று சென்ரிமீற்றர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இவ்வளவு நீளத்தில் ஒரு பிள்ளை எப்படி வந்தது என்று கோயிலில் பகிடி பண்ணுவார்களாம். என் முறை அவனுக்கு ஐம்பத்தாறாம் இடம் என்றது. மற்ற ஒருவரும் அவன் பெயரைக்கூட எழுதியிருக்கவில்லை.

முதல் சந்திப்பிலேயே அவன் என்னைக் கேட்டான்: "அக்கா, பந்தை எப்பவாவது தொட்டிருக்கிறியளோ?"

"தொட்டிருக்கிறன். அது திரும்பி வந்து மூக்கிலை பட்டது."

"அப்ப சரி. உங்களுக்கும் அனுபவம் இருக்கு."

அலுவலகத்தில் நான்கு வருடமாக யாரும் என்னோடு இவ்வளவு நேரம் கதைத்ததில்லை. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

மே மாதம் வைத்தியப் பரிசோதனை. தகப்பன் இறந்தபோது அவனுக்கு இரண்டு வயது. குடும்பத்தைப் பற்றி அம்மாவைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, துள்ளும் உயரம் அளக்கப் பக்கத்து மண்டபத்துக்குப் போனான். அவனுடைய அம்மா தில்லைநாயகி அன்ரி ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவர். துணிகளோடு கதைக்கப் போதுமான ஜேர்மன் தெரியும். ஆகவே மொழிபெயர்க்க நான் அமர்ந்தேன்.

இங்கே பிறந்த எங்களுக்கு இது புதிய வேலை இல்லை. எட்டு வயதிலிருந்து நகரசபை அலுவலகம், பல் வைத்தியர், ஆசிரியர் சந்திப்பு என்று எல்லா இடத்திலும் பெற்றோருக்கு வாயாக இருந்திருக்கிறோம். அம்மா கோபமாகச் சொன்னதைப் பணிவாகச் சொல்வோம். அப்பா நீட்டியதைச் சுருக்குவோம். ஆசிரியர் எங்களைப் பற்றிச் சொன்னதில் தேவையில்லாததை விட்டுவிடுவோம். ஒருவரும் எங்களைச் சரிபார்த்ததில்லை.

வைத்தியர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அன்ரி கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவன்ரை தேப்பன் எங்கடின் மலைப்பக்கம் ஒரு ஹோட்டல் குசினியிலை நிண்டவர். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நிண்டவர், கொஞ்சம் இருக்கிறன் எண்டு கதிரையிலை இருந்தாராம். பிறகு எழும்பேல்லை. முப்பத்தாறு வயசு. அவரின்ரை தமையனும் ஊரிலை அப்பிடித்தான். இவனுக்கு நான், அப்பா பனியிலை வழுக்கி விழுந்து செத்தவர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். டொக்டருக்கு எல்லாத்தையும் சொல்லு பிள்ளை. அவனுக்கு மட்டும் சொல்லாதை."

பட்டியல் வெள்ளிக்கிழமை மூடப்படும். அன்று புதன்.

வெறுமனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சின்ன ஜேர்மன் சொல் அன்ரிக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக ஹோட்டலில் கேட்டு வருகிறார். அவர் நீளமாகச் சொன்னதால் நானும் நீளமாகச் சொன்னேன். தகப்பன் எங்கடினில் ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர், முப்பத்தாறு வயதில் பனியில் வழுக்கி விழுந்து இறந்தார், ஒரு விபத்து, பெரியப்பா ஊரில், வேறு ஒன்றும் இல்லை. எங்கடின் என்ற பெயரும் முப்பத்தாறு என்ற எண்ணும் காதில் விழுந்தபோது அன்ரி தலையாட்டினார். வைத்தியர் அனுதாபத்தோடு விபத்து என்று எழுதினார். அன்றைய ஈசிஜியில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. குடும்ப வரலாறு இருந்தால்தான் ஸ்கான். வரலாறு இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அது என் பொய் அல்ல. அன்ரி தன் மகனுக்காகச் செய்து வைத்திருந்த பொய். நான் அதை மொழிபெயர்த்தேன்.

ஜூனில் பிருந்தாபன் தெரிவானான், ஐம்பத்தாறாவதாக. அணி அவனை இன்னொரு வருடம் இங்கேயே விளையாடி முதிரட்டும் என்று விட்டுவைத்தது. லுசேர்ணில் ஒரு மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். பந்து வடிவில் கேக். ஊர்ஸ் பேசும்போது என் பெயரைச் சொன்னார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகச் சரியாக உச்சரித்தார்.

அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு காலமும் இவன் ஓடேக்கை எல்லாம் நெஞ்சு பதறும். டொக்டர் எல்லாத்தையும் கேட்டிட்டும் ஓடலாம் எண்டு சொல்லிப்போட்டார். இனி எனக்குப் பயமில்லை, பிள்ளை."

கேக் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஐந்து மாதங்கள் இருந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு தடவை அவனுக்குச் செய்தி எழுதி அழித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று அன்ரி கேட்டிருந்தார். வாக்கை மீறுவது எனக்குப் பழக்கமில்லை. வைத்தியருக்குச் சொன்னால் படிவம் முன்னுக்குப் பின் முரணாகிவிடும். ஒரு படிவம் முரணானால் மற்றவற்றையும் சந்தேகிப்பார்கள். மேலும் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் பெயர் அன்றே வெட்டப்பட்டிருக்கும். அவனுடைய கனவை என் வாயால் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் அவனுக்காகத்தான்.

நவம்பரில் ஒரு பயிற்சியின் நடுவில் அவன் பயிற்சியாளரிடம், கொஞ்சம் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஓரத்து வாங்கில் இருந்தான். சோம்பல் என்று நினைத்து அவர் இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

செத்த வீட்டில் அன்ரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ எல்லாத்தையும் சொன்னனீதானே, பிள்ளை?" ஓம் என்றேன். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இல்லை, அன்ரி. சொல்லவில்லை. நீங்கள் சொன்னது முழுவதும் எனக்குத் தெளிவாக விளங்கியது. உங்களுக்கு விளங்காதபடி, நீங்கள் தலையாட்டும்படி, சொல் சொல்லாக, தெரிந்தே மாற்றிச் சொன்னேன். உங்கள் பயம் அவனைக் காத்துக்கொண்டிருந்தது; அதையும் நான்தான் எடுத்துவிட்டேன்.

விசாரணை அதிகாரி அவர்களே, இவ்வளவும் உண்மை. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வரைவில் அது விடுபட்டிருக்கிறது. அவன் ஐம்பத்தாறாவதாகத் தெரிவாவான் என்று முன்கூட்டியே எழுதி வைத்தவள் நான் ஒருத்திதான்.