முடிச்சைப் பார்த்தவன்

காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுபவர்கள் வலது பக்க ஜன்னலோரமாக உட்கார வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்தால் வழிநெடுக வெயில் முகத்தில் அடிக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் எதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது என் பழக்கம்.

நேற்று நீங்கள் யோசிக்க ஒரு நாள் கொடுத்தீர்கள். நான் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் எனக்கு எதிராகவே போகும் என்று இரண்டு முறை எச்சரித்தீர்கள். மாஜிஸ்திரேட்டின் கடமை அது. யோசித்துவிட்டேன் ஐயா. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மூன்று வாரமாக நான் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பெயர் சுமதிநாதன். வயது நாற்பத்தொன்று. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ட்ராயிங் மாஸ்டர். சொந்த ஊர் மேல்சித்தாமூர். சமணக் குடும்பம். இருட்டில் பூச்சி விழுந்துவிடும் என்று எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியாது. எறும்பை நசுக்காமல் நடக்கக் கற்றவன் நான். சலுகைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் எறும்பு வரும், அதற்காகச் சொல்கிறேன்.

எண்பத்தொன்றில் ஐந்து பேர் சேர்ந்து பாறையேறுவோர் சங்கம் ஆரம்பித்தோம். செஞ்சி சாலையில் கூகைப்பாறை என்று ஒரு மொட்டைப்பாறை இருக்கிறது. நூற்றிருபது அடி உயரம். ஞாயிறு காலை அங்கே கூடுவோம். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கான்வாஸ் ஷூ, இரும்பு வளையங்கள், ஒரு நைலான் கயிறு. கயிற்றை துபாயிலிருந்து வரவழைத்தவர் அப்துல் ஹலீம். கோட்டக்குப்பத்துக்காரர், விழுப்புரத்தில் லாரி சாமான் கடை வைத்திருக்கிறார். ஐந்து வருடத்தில் ஐந்து பேர் முப்பது பேர் ஆனோம்.

ஏறுபவர் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் முடிந்துகொள்வார். போகப் போக, பாறையில் அடித்திருக்கும் வளையங்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். மறுமுனை கீழே ஒருவர் கையில் இருக்கும். கால் தவறினால் கயிறு தாங்கும். முடிச்சு தாங்கினால்.

அதனால் ஒரு விதி எழுதினேன். விதிகள் எல்லாமே நான் எழுதியவைதான். முடிச்சை ஏறுபவரே போட்டுக்கொள்ளலாம், ஆனால் இன்னொருவர் அதை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெளியே மிஞ்சும் நுனி ஒரு சாண் இருக்க வேண்டும், அதை மடக்கி மறுமுடிச்சும் போட்டிருக்க வேண்டும். இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, தோளில் தட்டி, "கட்டு சரி" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழாமல் யாரும் பாறையில் கால் வைக்கக் கூடாது. ஐந்து வருடமும் முடிச்சைப் பார்த்தவன் நான்தான். ஒருமுறை ஹலீமை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டவைத்தேன். "இன்னா மாஸ்டர், நிக்காஹ்கூட இதவிட ஜல்தியா முடிஞ்சுது எனக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூகைப்பாறையின் கிழக்கு முகத்தில் வழியே கிடையாது என்று எல்லோரும் சொன்னபோது, இருக்கிறது என்று சொன்னவன் நான். பாறைக்கு எதிரே உட்கார்ந்து பென்சிலால் அதை அங்குலம் அங்குலமாக வரைந்தேன். எங்கே கால், எங்கே விரல், எங்கே திரும்புவது, எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. நான்கு வருட வேலை. எழுபதாவது அடியில் ஒரு விரிசல் வரும். அதற்குள் கையை முழங்கை வரை விட்டு உடம்பைத் தூக்க வேண்டும். பதினேழு முறை அந்த விரிசல் வரை போனேன். பதினேழு முறையும் திரும்பி வந்தேன். அங்கே எறும்பு இருந்தது. கையை விட்டால் நூற்றுக்கணக்கில் நசுங்கும். அது என்னால் முடியாது.

போன வருடம் ஜீவேந்திரன் சங்கத்தில் சேர்ந்தான். இருபத்துநான்கு வயது. எங்கள் பக்கத்துப் பையன், தூரத்து உறவில் தம்பி முறை. அப்பா இல்லை. அம்மா சாந்தாமணியோடு மல்லாட்டை மண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த மூன்றாவது மாதம் என் தாளை வாங்கிப் பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினான். இருபது நிமிடத்தில் உச்சியில் நின்றான்.

அவன் இறங்கி வந்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். விரிசலில் எறும்பு இருந்ததா?

"எறும்பா? ஒண்ணுகூட இல்லியே மாஸ்டர். காத்துதான் இருக்குது" என்றான். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "நாலு வருசமா மாஸ்டர் எறும்புக்கு வழி வுட்டுக்கினு நின்னுருக்காரு" என்றான். அன்று எல்லோரும் சிரித்த சிரிப்பில் நான் சேரவில்லை. வெயில் காலத்தில் எறும்புகள் இடம் மாறும். கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாதம் முடிவதற்குள் ஒரு வார இதழில் 'ஜீவேந்திரன் கண்ட வழி' என்று அரைப்பக்கம் வந்தது. பக்கத்தில் நான் வரைந்த பாறைப் படம். படத்துக்குக் கீழே என் பெயர் இல்லை. ஆசிரியருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. சங்கத்தில் சொன்னால், "வுடு மாஸ்டர், நம்ம சங்கத்துக்குத்தானே பேரு" என்றார்கள். பேரு யாருடையது என்பதுதான் என் கேள்வியே. அது ஒருவருக்கும் புரியவில்லை.

இப்போது பிப்ரவரி இருபத்துமூன்று. அன்று சங்கத்தினர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஜீவா கிழக்கு முகம் ஏறுவதைக் காட்டுவதாக ஏற்பாடு. ஹலீம் வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். ஜீவா ஒரு கையால் அந்தக் கடலையைத் தின்றுகொண்டு, மறு கையால் கயிற்றை முடிந்தான். முடிந்தான் என்று சொல்வது பெரிய வார்த்தை. நான் விரலை வைத்துப் பார்த்தேன். நுனி ஒரு சாண் இல்லை, ஒரு விரல்கூட இல்லை. மறுமுடிச்சும் இல்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "மாஸ்டரு முடிச்சப் பாத்து முடிக்கறதுக்குள்ள நான் மேல போய்ட்டே வந்துடுவேன்."

நான் இழுத்துப் பார்க்கவில்லை. இழுத்திருந்தால் அங்கேயே அவிழ்ந்திருக்கும். தோளில் தட்டினேன். "கட்டு சரி" என்றேன்.

அவன் தவறி விழுவான் என்று நான் எதிர்பார்த்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் தவறவே மாட்டான். கயிறில்லாமலே ஏறக்கூடியவன். ஆனால் விரிசலைத் தாண்டியதும் அங்கிருக்கும் வளையத்தில் கயிற்றை மாட்டி, இரண்டு கையையும் விட்டுவிட்டு, முழு எடையையும் கயிற்றில் போட்டு, ஊஞ்சலில் சாய்வதுபோலப் பின்னால் சாய்ந்து எல்லோருக்கும் கை காட்டுவான். ஒவ்வொரு முறையும் செய்வான். அதை நான் பதினொரு முறை பார்த்திருக்கிறேன்.

கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. அவன் எழுபது அடி ஏறப் பதினைந்து நிமிடம் ஆனது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஒவ்வொரு வளையத்திலும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கொடுத்தால், நான் சொன்ன "கட்டு சரி" தவறு என்று ஆகிவிடும். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அது தவறியதில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

அவன் சாய்ந்தான். என் கையில் கயிறு லேசானது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் ஐயா என்னால் தாங்க முடியாதது. மேல் வளையத்தில் கயிற்று நுனி சும்மா தொங்கியது. முடிச்சு இருந்த அடையாளமே இல்லை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? மாஸ்டர் பார்த்த முடிச்சு அவிழாது, அதனால் ஜீவாவே மேலே போய் அவிழ்த்துக்கொண்டான். கயிறில்லாமல் ஏறிக் காட்ட நினைத்தான், கால் தவறியது. அப்பேர்ப்பட்ட துணிச்சல்காரன்.

மறுநாளே ஹலீமிடம் போய்ச் சொன்னேன். அவர் கடையில், லாரி பேட்டரிகளுக்கு நடுவே நின்று சொன்னேன். முடிச்சு சரியில்லை, தெரிந்தேதான் சரி என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "துக்கத்துல இன்னான்னமோ பேசறீங்க மாஸ்டர். நீங்களாவது, தப்பா சொல்றதாவது. வூட்டுக்குப் போங்க, படுங்க."

சாந்தாமணி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சு நல்லாத்தானே இருந்துது மாஸ்டர்?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். பெற்றவளிடமே சொன்னேன். அந்த அம்மாள் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, "உங்கள நீங்களே நொந்துக்காதீங்க. அவன் தலைக்கனம் அவன இட்டுக்கினு போயிடுச்சி" என்றார்கள். என் மனைவி அனந்தமதி மூன்று நாள் என்னைப் பள்ளிக்கு விடவில்லை. போலீஸிலும் சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்த கான்ஸ்டபிள் என் பழைய மாணவன். காபி வரவழைத்துக் கொடுத்து, சைக்கிளில் வீடுவரை கொண்டுவந்து விட்டான்.

போன ஞாயிறு திண்டிவனத்தில் இரங்கல் கூட்டம். கறுப்புக் கரை போட்ட போஸ்டரில் 'கயிற்றை உதறி ஏறிய வீரர்' என்று அச்சடித்திருந்தார்கள். எண்பது பேர் வந்திருந்தார்கள். எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவன் அவிழ்க்காத முடிச்சை அவன் அவிழ்த்த விதத்தை, நேரில் பார்த்தமாதிரி வர்ணித்தார்கள். கடைசியில் ஹலீம் எழுந்தார். கிழக்கு முகத்தின் அடியில் ஒரு கல் நடப்போகிறோம், 'ஜீவேந்திரன் வழி' என்று பொறிக்கப்போகிறோம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுத்த நம்ம மாஸ்டருதான் வரைஞ்சு குடுக்கணும். அவரு கையால வந்தாதான் ஜீவா ஆத்துமா சாந்தியாவும்" என்றார். எண்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். வழியைக் கண்டது நான். வரைந்தது நான். கடைசியில் அவனை விழவைத்ததும் நான். இதில் எதுவுமே என் கணக்கில் இல்லை. சாவைக்கூட அவனுடைய சாகசமாக எழுதிக்கொண்டார்கள்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சின்ன பயம் காட்டத்தான் நினைத்தேன் என்று சொல்லலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன். அது பொய். எழுபது அடி உயரத்திலிருந்து யாரும் சின்ன பயத்துக்கு விழுவதில்லை. தெரிந்தே தோளில் தட்டினேன். தெரிந்தே பதினைந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜீவேந்திரனைக் கொன்றது நான்தான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வேண்டியது உண்மை மட்டும்தான் ஐயா. வேறு எந்த ஆசையும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். கல்தச்சர் முருகையன் நாளைக் காலை உளியை எடுக்கிறார். அதற்குள் இந்த வாக்குமூலத்தின் நகல் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதோடு இந்தத் தாளையும் அனுப்பச் சொல்லுங்கள். கல்லுக்காக நான் வரைந்த எழுத்து. நேற்று இங்கிருந்து திரும்பியதும் பொழுது சாயும்வரை உட்கார்ந்து வரைந்தேன். 'சுமதிநாதன் வழி. கண்டது 1981.' எழுத்துகள் நன்றாக வந்திருக்கின்றன, பாருங்கள்.

அவன் பெயரையும் நான் விட்டுவிடவில்லை. கீழே இருக்கிறது, கொஞ்சம் சின்ன எழுத்தில்.