பின்னோக்கி லிப்ட் ஏறியவர்

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

அன்று மாலை சிந்தனை வட்டத்தின் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று நீங்கள் கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னோம். முறையாக எழுதிவிடுவது நல்லது. நீள மேசையின் தலைப்பக்கம் பேராசிரியர். அவருக்கு வலது கைப்பக்கம், அவர் சொல்வதில் ஒன்றும் சிந்திவிடாமல் எழுதிக்கொள்ள, அவருடைய ஆய்வு மாணவி. இடது கைப்பக்கம், ஜன்னலை ஒட்டி, பல் மருத்துவர் அம்மா. மேசையின் கடைக்கோடியில், கண்ணை மூடியபடி, சாட்சி ஐயா. நான் வழக்கம்போல் கதவோரம். என் நாற்காலியின் பிரம்பு தொய்ந்து குழி விழுந்திருந்ததால், ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. விஷயத்தை வரிசையாகச் சொல், கோபத்தைக் காட்டாதே என்பது சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது. வருத்தம் தெரிவிக்கலாம், பொறுப்பு ஏற்கக் கூடாது என்பது கம்பெனி சேர்த்தது. இறக்கை கழன்று ஒருவர் நெற்றி கிழிந்தாலும், ‘தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதிப் பழகிய கை இது. இந்தக் கடிதத்திலும் அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வட்டம் கூடுவது அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி வாசக அறையில். பழைய இந்தியத் தத்துவத்தையும் மேற்கத்திய பின்நவீனத்துவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் நோக்கம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பேராசிரியர் மேற்குக் கட்சி. சொல்லைத் தாண்டிப் போனால் அங்கேயும் சொல்தான் நிற்கும், உண்மை என்று தனியாக ஒன்று எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை என்பார். சாட்சி ஐயா வேதாந்தக் கட்சி. ‘நான் வெறும் சாட்சி, பாக்கறதோட சரி’ என்று வாய்க்கு வாய் சொல்வதால் அந்தப் பெயர். மழைக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னால்கூடப் பார்த்துக்கொண்டிருப்பார். பல் மருத்துவர் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவார். நாள் முழுக்க வாயைத் திறந்தவர்களோடு இருந்துவிட்டு வருகிறவருக்கு யார் பேசினாலும் ஒன்றுதான். என்னை எல்லோரும் ‘கடுதாசி’ என்பார்கள். கூட்ட அழைப்பு எழுதுகிறவன் என்பதால். பேராசிரியர் மட்டும் ‘மச்சான்’ என்பார். அவர் என் தங்கையின் கணவர். இதை நீங்கள் அறிவீர்கள், துக்கம் விசாரித்தீர்கள்.

அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் பேசிக்கொண்டே லிப்ட் வரைக்கும் போவார். போய், லிப்டுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நிற்பார். மாணவி ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துவாள். அவர் ஒரு கையைப் பின்னால் விட்டுக் கம்பிக் கதவை இழுத்துத் திறந்து, அன்றைய விவாதத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு, பின்னோக்கி அடிவைத்தே உள்ளே ஏறிக்கொள்வார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பெட்டி கீழே இறங்கிவிடும். வருஷக்கணக்கில் என்னுடைய பதில்கள் அத்தனையும் அந்தக் கம்பிக் கதவுக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

ஆகவே அவருக்குக் கடிதமாக எழுதினேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு தங்கை வீட்டுக்குத் தபால் அனுப்புகிறேன் என்று அவள் சிரிப்பாள். அந்தக் கடிதங்களில் ஒரு ஒப்பீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். இருட்டில் கயிற்றைப் பாம்பென்று நினைத்தவனைப் பற்றி வேதாந்தி பேசுகிறான் அல்லவா. பாம்பு இல்லை என்று அவன் சொல்வது கயிற்றைக் காட்டுவதற்காக. பின்நவீனத்துவக்காரனும் பாம்பு இல்லை என்கிறான், ஆனால் விளக்கு கொண்டுவராமல் இருப்பதற்காக. இரண்டு பேரும் ‘இல்லை’ என்கிறார்கள் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. இருவருக்கும் வேண்டியது பழைய தர்க்கக்காரர்களின் மருந்து. அவர்கள் கணக்கு எளிது. தண்ணீர் என்று நீ அறிந்தது தண்ணீர்தானா என்பது குடித்துப் பார்த்தால் தெரியும். அறிவின் மெய் செயலில் தேறும். இதுதான் என் ஒப்பீடு. தயவுசெய்து இதை யாருடையது என்று குறித்துக்கொள்ளவும்.

ஏனென்றால் போன வருஷம் அது ஒரு பத்திரிகையில் பேராசிரியர் பெயரில் கட்டுரையாக வந்தது. விளக்குகூட அப்படியே இருந்தது. அடியில் பொடி எழுத்தில், ‘எழுத்துப்பிழை பார்த்து உதவிய என் மைத்துனருக்கு நன்றி.’

தங்கை வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எழுதினவன் யாருங்கறதெல்லாம் பழைய காலத்துக் கவலை மச்சான். எழுத்துலேர்ந்து எழுத்து வருது. நீங்களும் நானும் நடுவுல குழாய்தான்.” எழுதுகிறவன் என்று ஒருவன் கிடையாது என்று நிறுவும் அவருடைய புத்தகம் பக்கத்து அலமாரியில் இருந்தது. பின்னட்டை முழுக்க எழுதினவரின் படம், கன்னத்தில் கை வைத்தபடி.

சாட்சி ஐயாவிடம் முறையிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமல், “என்னுதுங்கறதே அகங்காரம்ப்பா. விட்டுடு,” என்றார்.

இரண்டு தத்துவங்களும் எந்தெந்த இடத்தில் ஒத்துப்போகின்றன என்று இத்தனை காலம் வட்டம் தேடியதே, எனக்கு ஒரு சாப்பாட்டு நேரத்தில் கிடைத்துவிட்டது. என் கட்டுரையை எனக்குத் தராமல் இருப்பதில் கிழக்குக்கும் மேற்குக்கும் இம்மி வித்தியாசம் இல்லை.

அதற்குப் பிறகும் கூட்ட அழைப்புகளை நான்தான் எழுதினேன். கோபக்காரன் எழுதுவானா.

அன்று வேலை முடிந்து படியேறி வரும்போது லிப்ட் மெக்கானிக் எதிரே இறங்கினார். மூன்றாம் மாடிக் கதவின் பூட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். லிப்ட் பெட்டியைத் தரைத் தளத்தில் நிறுத்தி அங்கே தன் கருவிப் பெட்டியைக் குறுக்கே போட்டுவிட்டு, அதே மாதிரிப் பூட்டு வாங்கக் கடைக்குப் போகிறேன் என்றார். “மேல போர்டு மாட்டியிருக்கேன் சார். இருந்தாலும் உங்காளுங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, கதவுல கை வெக்க வேணாம்னு.” சரி என்றேன். படியில் ஒரு சாரிடம் சொன்னதாக அவர் உங்களிடம் சொன்னபோது, எனக்கு ஞாபகமில்லை என்று நான் சொன்னேனே, அது இது.

மேலே போனால் கம்பிக் கதவில் பலகை தொங்கியது. ‘லிப்ட் பழுது. கதவைத் திறக்க வேண்டாம்.’ கைக்கு அடக்கமான மரப்பலகை, கம்பி கோத்தது. பேராசிரியரும் மாணவியும் மத்தியானமே லிப்டில் வந்து உள்ளறையில் புத்தகங்களோடு இருந்தார்கள், அவர்களுக்குப் பழுது பற்றித் தெரியாது. பல் மருத்துவர் உடம்பு இளைக்கப் பின்பக்கப் படியில்தான் வருவார். கொஞ்ச நேரம் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். பிறகு கழற்றினேன். உங்கள் ஆட்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் கதவைத் தொடவில்லை, பூட்டைத் தொடவில்லை, பெட்டியைத் தொடவில்லை. இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றி வைத்தேன். சொல் சொல்லைத்தான் காட்டும் என்றால், அதை எடுத்ததால் உலகத்தில் எதுவும் குறைந்துவிடக் கூடாது.

வாசக அறையில் சாட்சி ஐயா மட்டும் இருந்தார். அதிசயமாகக் கண் திறந்திருந்தது. என் கையிலிருந்த பலகையில் இருந்ததை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். பிறகு, “எதுக்குப்பா அது?” என்றார்.

“நாற்காலி குழியா இருக்கு ஐயா.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். போன கூட்டத்தில் பேராசிரியர் அவரைக் ‘குறட்டை வேதாந்தி’ என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியது என் கடமை.

அன்றைய பேச்சு கயிறும் பாம்பும்தான். அச்சான கட்டுரையைப் பேராசிரியரே வாசித்தார். நன்றாகவே இருந்தது. பல் மருத்துவர், “அந்த விளக்கு ரொம்ப அழகு சார், எப்படித்தான் தோணிச்சோ,” என்றார். பேராசிரியர் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார். நான் பலகையின் மேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

முடிந்ததும் எழுந்தோம். மாணவி மேசையில் பரப்பியதைச் சேகரித்துக்கொண்டிருந்ததால் பொத்தானை அழுத்த ஓடவில்லை. பேராசிரியர் வழக்கம்போல் லிப்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். கை பின்னால் போனது. அந்தக் கதவு, பெட்டி வந்து நின்றால் ஒழியத் திறக்காது. ஆகவே திறந்தால் பெட்டி இருக்கிறது என்று அர்த்தம். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்கிறார்களே தர்க்கக்காரர்கள், அதே அனுமானம். ஒரு குறி தனக்கு வெளியே உள்ள பொருளைக் காட்டாது என்று வாழ்நாளெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்ன மனிதர், ஒரு குறியை முழுசாக நம்பிக் கதவை இழுத்தார். கதவு திறந்தது.

இந்த இடத்தில் ஒன்றை நான் உங்களிடம் சொல்லவில்லை. அவர் உடனே காலை வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ.

“என்ன மச்சான், ஏதோ சொல்ல வந்தீங்க போல. சொல்லுங்க, இன்னிக்குக் கேட்டுட்டே போறேன்.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார். சாட்சி ஐயா என் பக்கத்தில் நின்றார், கண் திறந்து. தொண்டையில் பதில் இல்லாமலில்லை.

“ஒண்ணுமில்ல,” என்றேன். “நீங்க போங்க.”

போனார். அப்போது அவரிடமிருந்து வந்தது ஒரு சொல் அல்ல. எந்த மொழியிலும் அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. தண்ணீரைக் குடித்துப் பார்த்தாகிவிட்டது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பலகை இருந்ததா, இல்லையா என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஆய்வு மாணவி, இல்லாமையும் ஒரு குறிதான் என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். சாட்சி ஐயா, “இருந்ததுன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது,” என்றார். நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, “பெரியவரே, நான் கடவுளைப் பத்திக் கேக்கல, போர்டைப் பத்திக் கேக்கறேன்,” என்றது எனக்குப் பிடித்திருந்தது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மாட்டிட்டுத்தான் சார் போனேன் என்று படி முழுக்கச் சொல்லிக்கொண்டே இறங்கினார். நான் பலகையைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். வாசலில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர் நீங்கள்தான்.

தங்கை இப்போது என்னோடு இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் ஒரே பேச்சு. “அந்த ஒரு போர்டு இருந்திருந்தா அண்ணா, அவர் இன்னிக்கு இருப்பாரு இல்ல?” ஆமாம்மா என்கிறேன். பொய் சொல்ல மனசு வராது.

நீங்கள் கேட்கலாம், இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறாய் என்று. ஒரு குற்றமற்ற தொழிலாளி உள்ளே இருக்கிறார். அவருடைய மனைவி உங்கள் நிலையத்து வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதை வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கிறேன். மனசாட்சி உள்ள எவனும் எழுதுவான். நேற்று ஆய்வு மாணவி வந்திருந்தாள். பேராசிரியருக்கு நினைவு மலர் கொண்டுவருகிறார்களாம். கயிறும் பாம்பும் கட்டுரை முகப்பில் வருகிறதாம். “கட்டுரையெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார். நீங்க வீட்டு மனுஷரா, அவர் எப்படிச் சாப்பிடுவார், எப்படித் தூங்குவார்னு நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்,” என்றாள். அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆக, பலகையைக் கழற்றியவன் நான். எதற்கென்று தெரிந்தே கழற்றினேன். அவர் நின்று கேட்டபோதும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். பலகை பத்திரமாக இருக்கிறது. இந்தத் தாளை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். மெக்கானிக்கைத் தங்கள் வசதிப்படி விடுவிக்கலாம். இத்துடன் என் மூலக் கட்டுரையை, தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, இணைத்திருக்கிறேன். அதை மலர்க் குழுவிடம் தாமதமின்றிச் சேர்ப்பிக்க வேண்டுகிறேன், இந்த வாரம் அச்சுக்குப் போகிறதாம். தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறேன்.

உறையில் அனுப்புநர் பெயரை எழுதியாகிவிட்டது. பெறுநரைத்தான் இனி எழுத வேண்டும். தங்கை கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள், போகிற வழியில் தானே தபாலில் போட்டுவிடுகிறாளாம். கட்டுரையை உள்ளே வைத்த உறையைக் கையில் தூக்கிப் பார்த்து, “கனமா இருக்கே அண்ணா, என்னது இது?” என்று கேட்கிறாள்.

என் கட்டுரை என்று சொல்லிவிட்டு, உறையில் உங்கள் முகவரியை எழுதி, இந்தத் தாளையும் உள்ளே வைத்து ஒட்டிக் கொடுக்கிறேன்.