சறுக்கற கால்

வலிக்கத்தான் செய்யுது டாக்டர், ஆனா நீங்க அழுத்துங்க. நான் கத்துனாலும் கண்டுக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தாங்களே ஒருத்தங்க, நான் லேசா மூஞ்சச் சுளிச்சாலே கைய எடுத்துடுவாங்க. அப்படி இருந்தா எப்ப சரியாகறது? ஆ... அங்கதான். சுண்டு விரலுக்குப் பின்னால, ஓரமா. அந்த எலும்புதான். இத்தினூண்டு எலும்புக்கு எவ்வளவு பவுசு பாருங்க, இவ்ளோ பெரிய உடம்பத் தூக்கிக் கட்டில்ல போட்டுடுச்சு.

ஐயோ, அந்தக் கதவ மட்டும் சாத்தாதீங்க. கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும். காத்துக்கு இல்ல, வெளிய எங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்கார். அந்த நீலச் சட்டை. ஆமா, மீன் தொட்டிகிட்ட. உள்ள எல்லாம் கூப்பிட வேண்டாம்மா, அங்கயே இருக்கட்டும். மீனப் பாக்கறார்னு நினைக்கறீங்களா? மீன யார் பாத்தா. தொட்டிக்குக் காத்து விடுதே ஒரு சின்ன மோட்டார், அது சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கார். மெக்கானிக். எங்க போனாலும் மோட்டார் எங்க இருக்குன்னுதான் காது போகும். நான் இங்கேருந்து ஒரு கண்ணு வச்சுக்கறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க.

என்ன கேட்டீங்க? ஆமா, நல்லாத்தான் நடக்கறேன். மாடிப்படி ஏறறேன், எறங்கறேன். நொண்டுதுதான், ஆனா நடக்கறேன். வேலையா? வேலைக்கும் போறேனே. திரைச்சீலை தைக்கற கடை. பெரிய மேசையில துணிய விரிச்சு அளந்து வெட்டறதுதான் என் வேலை. முதலாளி ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக் குடுத்துட்டார், உக்காந்தே வெட்டறேன். எப்பவாச்சும் மிஷின்ல உக்காந்தாலும் எனக்கு வலது கால் போதும். உடைஞ்சது இடதுதானே. அதனால பொழப்புக்கு ஒண்ணும் குறையில்ல. நடக்கறதுக்காக நான் உங்ககிட்ட வரல.

எனக்குச் சறுக்கணும் டாக்டர்.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் வழுக்கி விழாம இருக்க வழி கேட்டு வருவாங்க, இந்தம்மா என்னடா வழுக்கறதுக்கு வழி கேக்குதேன்னு தோணும். நான் போலிங் ஆடறவ. கிரிக்கெட் இல்லம்மா. நீளமாப் பலகை எழைச்ச தரை, அந்தக் கோடியில பாட்டில் மாதிரி பத்துக் கட்டை நிக்கும், மூணு ஓட்டை போட்ட கனமான பந்தை உருட்டி விட்டு அத விழ வைக்கணும். அதேதான், குழந்தைங்க பொறந்தநாளுக்கெல்லாம் கூட்டிட்டுப் போவாங்களே, அது. நீங்களும் போயிருக்கீங்களா? எத்தனை விழுந்துச்சு? சரி சரி, கேக்கல.

கப்பா? கப்பு ஒண்ணு வாங்கினோம் ஒரு காலத்துல. துணியில கோடு போடற சாக்பீஸ் எல்லாம் அதுலதான் போட்டு வச்சிருக்கேன். நாங்க என்ன பெரிய ஆட்டக்காரங்களா? சனிக்கிழமை சாயங்காலம் ஆனா நாலு பேர் சேருவோம். நான், எங்க வீட்டுக்காரர், ஒரு பஸ் டிரைவர் அண்ணன், அப்புறம் ஒரு பல் டாக்டர். தரைக்கு ரெண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடும், பந்து அதுல விழுந்தா கணக்குல சேராது. பல் டாக்டர் போடற பந்துல பாதி அங்கதான் போகும். அதனால அவருக்குச் சாக்கடை டாக்டர்னு பேரு. பாவம், அவரோட நோயாளி ஒருத்தர் அங்க வந்தப்ப டிரைவர் அண்ணன் சத்தமா அப்படிக் கூப்பிட்டு, அந்தாளு பயந்தே போயிட்டார்.

இருங்க, சறுக்கறதச் சொல்லிடறேன். பந்த எடுத்துக்கிட்டு நாலு அடி வைக்கணும். வலது, இடது, வலது, அப்புறம் கடைசி இடது. அந்தக் கடைசி அடிய வைக்கக் கூடாது, சறுக்கணும். உடம்பு மொத்தமும் அந்த ஒத்தக் கால் மேல வழுக்கிக்கிட்டுப் போகும், அப்பதான் கை பந்த விடும். அதுக்குன்னே எங்க ஷூல இடது அடிப்பாகம் மட்டும் மழமழன்னு இருக்கும். வலது ரப்பர். ஒரே ஜோடிதான், ஆனா ஒண்ணு போகும், ஒண்ணு நிக்கும். டிரைவர் அண்ணன் சொல்லுவார், நல்ல புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு. அதுல எது புருஷன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டார்.

அந்த வழவழப்புல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போச்சு. பசை மாதிரி ஒட்டிக்கும். அதனால ஆடற ஷூவோட குளிர்பானக் கடைப் பக்கம் போகக் கூடாது, கழிவறைக்குப் போகக் கூடாது, வாசப் பக்கம் போகவே கூடாது. புதுசா வர்றவங்க கிட்ட எல்லாம் இதச் சொல்றதே நான்தான். சாக்கடை டாக்டர எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

அந்த நானே நனைஞ்ச ஷூவோட பந்த எடுத்துட்டேன் பாருங்க. வலது, இடது, வலது. இடது போகல. காலு நின்னுடுச்சு, நான் போயிட்டேன். சத்தம் எனக்கே கேட்டுச்சு. சுள்ளி ஒடியற மாதிரி.

ம்... ஏதோ அவசரம். விடுங்க.

இந்தத் துண்டக் கால் விரலால இழுக்கணுமா? இப்படியா? பாருங்க, கட்டை விரல் கேக்குது, சுண்டு விரல் கேக்க மாட்டேங்குது. வீட்டுல கடைக்குட்டிக்குத்தான் கொழுப்பு ஜாஸ்தி. வர்றான் வர்றான்... வந்துட்டான். இன்னொரு தடவையா? சரி.

அங்க உக்காந்துதானே இருக்கார்? என் பக்கத்துலேருந்து முதுகுதான் தெரியுது. சரி.

அந்தப் போலிங் கூடத்துலதான் அவர் வேலை பாத்தார். இப்ப இல்ல, வேலையை விட்டாச்சு. விழுந்த கட்டைய எல்லாம் வாரி எடுத்துத் திரும்ப நிறுத்தி வைக்கறதுக்குப் பின்னால பெரிய பெரிய மிஷின் இருக்கு. ஆடறவங்க யாரும் அதப் பாத்திருக்க மாட்டாங்க. அந்தச் சத்தத்துல, எண்ணெய்க் கறையில, அங்கயேதான் கெடப்பார். மிஷினுக்குப் பின்னால மண்டி போட்டுக் குனிஞ்சா, கட்டைங்களுக்கு நடுவுல, இந்தக் கோடி வரைக்கும் தெரியுமாம். ஆனா மேல ஒரு பலகை மறைக்கும். அதனால ஆடறவங்களோட முழங்காலுக்குக் கீழதான் தெரியும். மூஞ்சி தெரியாது. காலு காலா வந்து போகும்னு சொல்லுவார்.

நான் அப்ப கடைப் பொண்ணுங்களோட புதுசா ஆட வந்தவ. எப்பவும் மூணாம் நம்பர் தரைதான். ஒரு நாள் போன பந்து திரும்பி வரல. சண்டை போடலாம்னு போனா, கையெல்லாம் கறையோட இவர் வெளிய வந்தார். வந்தவர் முதல்ல என் காலப் பாத்தார். அப்புறம்தான் நிமிந்து மூஞ்சியப் பாத்தார். ஓ, நீங்கதானான்னு கேட்டார். எது நானான்னு கேட்டேன். கடைசி அடியில குதிகால லேசா உள்பக்கம் திருப்பறது நீங்கதானா, ரொம்ப நாளா யாருன்னு தெரியாம இருந்துச்சுன்னார். என்னடா இந்தாளு, பந்து எங்கன்னு கேட்டா காலப் பத்திப் பேசறானேன்னு எனக்கு ஒரே கோவம். கூட வந்தவளுங்க சிரியா சிரிக்கறாளுங்க.

அப்புறம் என்ன அப்புறம்? பந்த எடுத்துக் குடுத்தார். கல்யாணம் பண்ணிக்கிட்டோம். பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல டாக்டர், பொண்ணு பொறந்து வளந்தப்புறமும் நான் அவருக்கு மூணாம் நம்பர்தான். மூணாம் நம்பர், சாப்பாடு ஆச்சா? மூணாம் நம்பர், என் கண்ணாடி எங்க? எங்க பொண்ணு சின்னதுல பள்ளிக்கூடத்துல அம்மா பேரு கேட்டதுக்கு அதையே சொல்லிட்டு வந்துடுச்சு.

அவளா? வெளியூர்ல இருக்கா. தெனமும் போன் பண்ணுவா. ஆட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம்மா, ஒரு காலோட போச்சேன்னு சந்தோஷப்படு, சனிக்கிழமை வீட்டுல உக்காந்து டிவி பாருன்னு திட்டுவா. நீங்களும் அதத்தான் சொல்ல வர்றீங்க. எனக்குத் தெரியும். இந்த வயசுல எதுக்கும்மான்னு உங்க கண்ணுலயே எழுதியிருக்கு.

வாசலுக்குப் போனேன் டாக்டர். நனைஞ்ச கதை அதுதான். பந்த கையில எடுத்துட்டுத் திரும்பறேன், அவர் உக்காந்திருந்த இடம் காலியா இருக்கு. பந்தப் போட்டுட்டு ஓடினேன். நல்ல மழை, வாசல்ல மிதியடியெல்லாம் சொதசொதன்னு. தெருவுல எறங்கப் போயிட்டார். எங்க போறீங்கன்னா வீட்டுக்குன்னார். கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். எல்லாரும் எனக்காக நிக்கறாங்க, என் முறை. அந்தப் பதட்டத்துல ஷூவ நினைக்கல.

விழுந்ததும் யாரு முதல்ல ஓடி வந்தாங்கன்னு நினைக்கறீங்க? அவர்தான். மிஷின நிறுத்துங்க, மிஷின நிறுத்துங்கன்னு கத்திக்கிட்டே வந்தார். பழைய வேலைப் பழக்கம். பக்கத்துல உக்காந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது, உங்க வீட்டுல யாருக்குச் சொல்லணும்னு கேட்டார்.

இல்லம்மா, விளையாட்டுக்குக் கேக்கல.

கொஞ்ச காலமாவே அப்படித்தான். முதல்ல சாவி, அப்புறம் தெரு, அப்புறம் பொண்ணு பேரு. கடைசியா நான். வீட்டுல நான் நர்சம்மா. ரொம்ப மரியாதையாத்தான் நடத்துவார், அதச் சொல்லணும். நர்சம்மா நீங்க சாப்ட்டீங்களான்னு கேக்காம கைய நனைக்க மாட்டார். நானும் சார்னுதான் கூப்பிடறது. வேற எப்படிக் கூப்பிட்டாலும் பயந்துடறார்.

ஆனா சனிக்கிழமை மட்டும், நான் அந்த நாலு அடி வச்சுச் சறுக்கினேன்னு வைங்க, பின்னாலேருந்து குரல் வரும். ஏ மூணாம் நம்பர், தோள எறக்குன்னு. அவ்வளவுதான், வந்துடுவார். முழு ஆளா வந்துடுவார். சாக்கடை டாக்டரக் கிண்டல் பண்ணுவார், பொண்ணு போன் பண்ணாளான்னு கேப்பார். சில நாள் வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டற வரைக்கும்கூட இருப்பார். என் மூஞ்சி அவருக்கு அப்புறமா வந்தது டாக்டர், அதனால முன்னாடியே போயிடுச்சோ என்னவோ. காலுதான் முதல்ல வந்தது. அது இன்னும் இருக்கு. நான் நொண்டிக்கிட்டு வந்தாத்தான் அவருக்கு யாரோவாத் தெரியறேன்.

இப்பவும் சனிக்கிழமை கூட்டிட்டுத்தான் போறேன். ஆடறதில்ல, உக்காந்து பாக்கறது. போன வாரம் என் பக்கம் சாஞ்சு மெதுவாக் கேக்கறார். நர்சம்மா, மூணாம் நம்பர்ல ஒருத்தி போடுவாளே, குதிகால உள்பக்கம் திருப்பிக்கிட்டு, அவளக் காணுமேன்னு. கால்ல அடியாம் சார், வந்துடுவாங்கன்னேன். ஐயோ பாவம்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, அவளத்தான் கட்டிக்கலாம்னு இருக்கேன், நீங்க போய்ச் சொல்லிடாதீங்க, நானே சொல்லிக்கறேன்னார். சொல்ல மாட்டேன் சார்னேன்.

டிரைவர் அண்ணன் மனசு கேக்காம ஒரு வேலை பண்ணார். அவர் தங்கச்சிக்கு என் ஷூ சரியா இருக்கும். அதப் போட்டு விட்டு, மூணாம் நம்பர்ல சறுக்கச் சொன்னார். அந்தப் பொண்ணும் நல்லாத்தான் சறுக்குச்சு. இவர் எழுந்து நின்னு பாத்தார். அப்புறம் உக்காந்துட்டார். ஷூ அவளோடது, காலு அவளோடது இல்லன்னார்.

அட, நீங்க எதுக்கும்மா கண்ணத் தொடைக்கறீங்க? நல்லா அழுத்துங்க, காலு மரத்துடுச்சு. பழைய மாதிரி அப்படியே வராதுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டார், நீங்க தயங்க வேண்டாம். அப்படியே வேண்டாம், கிட்டத்தட்ட வந்தாப் போதும். மிச்சத்த எங்க வீட்டுக்காரர் பாத்துப்பார். எனக்கு இருக்கற பயமெல்லாம், என் காலு சரியாகறதுக்குள்ள அவருக்கு அந்தக் காலும் மறந்துடக் கூடாதேன்னுதான். அதனாலதான் வலிச்சாலும் அழுத்துங்கன்னேன்.

சரி, எழுந்துட்டேன். அந்தத் துண்ட தரையில போடுங்க, இடது கால அது மேல வச்சுச் சறுக்கிப் பாக்கறேன். விழ மாட்டேன், நீங்க பக்கத்துலயே நில்லுங்க. அப்புறம் டாக்டர், அந்தக் கதவ இப்ப நல்லாத் தொறந்துடுங்க. முழுசா.

இல்லம்மா, நான் அவரப் பாக்கறதுக்கு இல்ல. அவர கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காரச் சொல்லிட்டு, அங்கேருந்து என் காலு தெரியுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.