‘குப்பை அல்ல’ என்னும் பொத்தான்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் திரு. சுந்தரராமன் அவர்களே, அகவையில் என்னையும் விஞ்சி முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசர அவசரமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கேட்ட மாத்திரத்தில் கைநீட்டும் கொடையாளர்களே, ராஜகீழ்ப்பாக்கத்துப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஞாயிறு மாலையில் என் தலைதாழ்ந்த வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். நம் குருதிக்கொடை மன்றம் 2002 ஆகஸ்ட் 12 அன்று தோன்றியதாக அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. அது தவறு. 11, ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டாம் தேதி நாம் செய்தது, வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தது. சிரிக்கிறீர்கள், திருத்திக்கொண்டு சிரியுங்கள்.

அவையோரே, நமக்கு மாளிகை உண்டா? இல்லை. மணிமண்டபம் உண்டா? இல்லை. மளிகைக்கடை மாடியில் ஓர் அறை. அதில் ஒரு கணினி. அதற்கொரு மின்னஞ்சல் முகவரி. குருதி வேண்டுவோர் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது நம் விதி. ஏன்? வாய்வழிச் செய்தியில் பாசிட்டிவ் நெகட்டிவ் ஆகிவிடும். எழுத்து மாறாது.

அந்த முகவரியை மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டினோம், இணையத்திலும் ஏற்றினோம். கேட்டவர்கள் வந்தார்கள், கேட்காத குப்பையும் வந்தது! லாட்டரி விழுந்தது என்றது ஒன்று. உடல் இளைக்க மாத்திரை என்றது ஒன்று. கடல் கடந்த இளவரசர் ஒருவர், தம் கோடிகளைக் காக்க நம் செயலாளர் ஜெபராஜை நம்பினார். வீட்டில் அவரை நம்பிக் கத்தரிக்காய் வாங்க அனுப்புவதில்லை! குப்பை குவிந்தது, குருதி கேட்டோர் குரல் அதன் அடியில் புதைந்தது.

அப்போது முன்வந்தவர், கணினி கற்ற நம் தங்கை குல்ஷன். 2006 பிப்ரவரி 6, திங்கட்கிழமை, புதிய மெயில் புரோகிராம் ஒன்றை நிறுவினார். குப்பை மெயில் வந்தால் அழுத்த ஒரு பொத்தான். அழுத்த அழுத்த, அந்த மெயில்களின் சொற்களைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். பிறகு அத்தகையவற்றைத் தானே குப்பைப் பெட்டிக்கு ஒதுக்கிவிடும். ஒரே மாதத்தில் நம் வரவுப்பெட்டி, கோலம் போடக் கூட்டிய வாசல்போல் ஆயிற்று.

ஆனால், நம்மவர் பழக்கம் ஒன்று உண்டே! முடிந்த வேலை கண்ணில் படக்கூடாது. குருதி கொடுத்தாகிவிட்டதா, நோயாளி நலமா, உடனே அந்த மெயில்மேல் அதே குப்பைப் பொத்தானை அழுத்தி மேசையைச் சுத்தம் செய்தார் ஜெபராஜ். அவரைப் பார்த்து முறைவைத்து வந்த எல்லோரும் அவ்வாறே செய்தார்கள்.

நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. மழை. படப்பையிலிருந்து, லேத் பட்டறைத் தொழிலாளி சவுரிமுத்து சொட்டச் சொட்ட மாடியேறி வந்தார். அவர் மனைவி பேபிக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் கைவசம் இல்லாமல் கத்தி தொடமாட்டோம் என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். தள்ளிப்போட உடம்பில் தெம்பும் இல்லை. ஜெபராஜ் வரவுப்பெட்டியைத் திறந்து, எதுவும் வரவில்லையே என்றார்.

“மூணு மெயில் போட்டுக்கீறேன் சார். பிரவுசிங் சென்டர்லயே குந்திக்கினு பதிலுக்குப் பாத்தேன். ஏழைங்கன்னு விட்டீங்களா?”

அருகிலிருந்த குல்ஷன் கணினி முன் அமர்ந்தார். குப்பைப் பெட்டியைத் திறந்தார். லாட்டரிக்கும் மாத்திரைக்கும் நடுவே பேபியின் பெயர். மூன்று முறை.

“அண்ணா, ரத்தம் கேட்டு வந்த மெயிலுக்கெல்லாம் எந்தப் பட்டனை அழுத்துனீங்க?”

“முடிஞ்சதைத்தான்மா குப்பையில போட்டேன்.”

“நீங்க முடிஞ்சதுன்னு அழுத்தினீங்க. அது, ரத்தம் கேக்கறதே குப்பைன்னு கத்துக்கிச்சு.”

ஜெபராஜ் அவர்களே, மேடையில் தலைகுனிய வேண்டாம். அன்று அடுத்த நொடி தொலைபேசியை எடுத்தவரும் நீங்கள்தானே! மேற்குத் தாம்பரத்தில் அசார் தம் கடை ஷட்டரை இறக்கினார்; வண்டலூரிலிருந்து சத்யநாராயணன் மழையில் மின்ரயில் ஏறினார். ஓ நெகட்டிவ் கொடையாளர்களான இருவரும் கொடுத்த குருதி இரவுக்குள் மருத்துவமனையில் இருந்தது. மறுநாள் அறுவை நடந்தது. பேபி பிழைத்தார்!

அந்த வாரமே குல்ஷன், பழைய வேண்டுகோள்கள் ஒவ்வொன்றையும் தோண்டியெடுத்து, ‘குப்பை அல்ல’ என்னும் பொத்தானை அழுத்தி அழுத்தி, தவறாகக் கற்றதைத் திருத்தினார். குருதி, அறுவை என்ற சொல் வந்தால் தனிப்பெட்டிக்குப் போகும்படி வடிகட்டி அமைத்தார். அதற்கும் மேலாக நாம் ஒரு வழக்கம் வகுத்தோம்: நம்மில் ஒருவர் காலையும் மாலையும் கண்ணால் பார்க்காமல் குப்பைப் பெட்டி காலியாகாது!

ஏன் இத்தனை கண்டிப்பு? பதறுகிறவன் பார்த்துப் பார்த்து எழுதுவானா? பிள்ளை உயிருக்குப் போராடும்போது பிழை திருத்துவானா? தலைப்பில்லாமல் எழுதுவான், ஒன்றையே ஒன்பது முறை அனுப்புவான். இயந்திரத்துக்கு அது குப்பையாகத் தெரியும். தெரியட்டும்! அது நம் விரலைப் பார்த்துக் கற்பது. நம் விரல் மனிதரைப் பார்த்து அழுத்துவது. இல்லாதவர் குரலை இயந்திரம் தள்ளினாலும் ராஜகீழ்ப்பாக்கம் தள்ளாது! அந்த நவம்பருக்குப் பின் இன்றுவரை, 2007 ஜூன் 17 வரை, ஒரு வேண்டுகோளும் நம் பார்வைக்குத் தப்பவில்லை. நிமிர்ந்து சொல்கிறேன், நீங்களும் நிமிர்ந்து கேளுங்கள்!

சென்ற மே 9, புதன்கிழமை காலை, வடிகட்டிக்கும் தப்பி, வெறும் ‘ஹெல்ப்’ என்ற ஒற்றைச் சொல்லோடும் ஒரு கைப்பேசி எண்ணோடும் குப்பைப் பெட்டியில் ஒரு மெயில் கிடந்தது. அதை அழிக்காமல் அந்த எண்ணை அழைத்தவர், ஜனவரி முதல் காலைமுறை பார்க்கும் நம் உறுப்பினர். மறுமுனையில் அழுத தகப்பனிடம் அவர் சொன்னது இதுதான்: “அழாதீங்க அண்ணா. குரூப் மட்டும் சொல்லுங்க. நாங்க கீறோம்.”

அவர் பெயர் பேபி. மூன்றாம் வரிசையில் சவுரிமுத்துவின் அருகே அமர்ந்திருக்கிறார்.

கரவொலி போதும், கைகள் நாளைக் கொடைமுகாமுக்கு வேண்டும். பொறுமையோடு செவிமடுத்த பெருமக்களுக்கு நன்றி பாராட்டி, வணங்கி அமர்கிறேன்.